ஆறு புள்ளியில் அடங்கிய கல்வி

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கூவ்ரே என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு சேணப் பட்டறை. குதிரைகளுக்கு வேண்டிய சேணம், கடிவாளம், வார் முதலியவற்றைத் தைத்துக் கொடுத்து வந்தார் சிமோன் ரெனே பிரெயில் என்ற தொழிலாளி. 1812-ம் ஆண்டில் ஒரு நாள், அவருடைய மூன்று வயதுக் கடைக்குட்டி, தகப்பனார் கவனிக்காத சமயத்தில் பட்டறையில் விளையாடிக் கொண்டிருந்தான். அப்பா செய்வதைப்போலத் தானும் செய்து பார்க்க வேண்டும் என்று குழந்தைக்கு ஆசை. கூரான கருவி ஒன்றை எடுத்துத் தோலில் குத்தினான். கை வழுக்கியது. கருவி கண்ணில் பாய்ந்தது.

புண்ணில் சீழ் வைத்தது. அதைத் தடுக்கும் மருந்து அந்தக் காலத்தில் கிடையாது. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயது ஆவதற்குள் இரண்டு கண்களும் அடியோடு இருண்டு விட்டன.

அந்தக் குழந்தைதான் லூயி பிரெயில். உலகெங்கும் பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து அவர் பெயரால்தான் வழங்குகிறது. அவர் பிறந்த 200-வது ஆண்டான 2009-ல் நமது இந்திய சர்க்கார் அவர் நினைவாக இரண்டு ரூபாய் நாணயமே வெளியிட்டது.

பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு யந்திரம் வந்து இறங்கும்போதெல்லாம் ஒரு சர்ச்சை எழுகிறது. இதனால் பிள்ளைகளின் படிப்பு உண்மையிலேயே வளருமா, அல்லது வெறும் வேடிக்கைதானா என்று பெற்றோரும் உபாத்தியாயர்களும் விவாதிக்கிறார்கள். 200 ஆண்டுகளுக்கு முன் பிரெயில் படித்த பள்ளியிலும் இதே விவாதம் நடந்தது. அங்கே ஒரு கருவி தோற்றது. ஒரு கருவி பாதி ஜெயித்தது. மூன்றாவது கருவி நிலைத்து நின்றது. ஏன் என்பதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

தகப்பனார் அடித்த ஆணிகள்

லூயி பிறந்தது 1809-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி. கண்ணிழந்த ஏழைகளுக்குப் பிச்சைப் பாத்திரம்தான் கதி என்று உலகம் நினைத்திருந்த காலம் அது. ஆனால் சேணக்காரர் அப்படி விட்டுவிடவில்லை. மகனுக்கு ஒரு கைத்தடி செய்து கொடுத்து, ஊருக்குள் தானே நடந்து போகப் பழக்கினார். மரப்பலகையில் கொண்டை ஆணிகளை எழுத்து வடிவில் வரிசையாக அடித்து, மகனின் விரலை அவற்றின் மேல் வைத்துத் தடவச் செய்தார். அந்த ஆணிப் பலகைதான் லூயியின் முதல் பாடப் புத்தகம்.

ஊர்ப் பாதிரியார் பாலுயி அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பூவை முகர்ந்தும், பறவையின் குரலைக் கேட்டும் உலகத்தை அறிந்துகொள்ள அவன் கற்றான். கிராமப் பள்ளி ஆசிரியரும் மற்றப் பிள்ளைகளோடு வந்து உட்கார அவனை அனுமதித்தார். ஒரு முறை கேட்டதை மறக்காத ஞாபகசக்தி பையனுக்கு. வாய்ப் பாடத்தில் அவன் மற்றவர்களுக்கு இளைத்தவன் அல்ல. ஆனால் புத்தகத்தைத் திறக்கும்படி ஆசிரியர் சொன்னதும், வகுப்பிலே அவன் ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசால் பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியில் இடம் கிடைத்தது. 1819-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, பத்து வயதில், லூயி அங்கே போய்ச் சேர்ந்தான்.

பார்க்க அழகு, படிக்கச் சிரமம்

உலகத்தில் பார்வையற்றோருக்காக ஏற்பட்ட முதல் பள்ளிக்கூடம் அது. 1785-ல் அதை நிறுவியவர் வாலன்டின் ஹவுயி என்ற மகானுபாவர். பார்வையற்றவனும் படிக்க முடியும் என்று செய்து காட்டிய புண்ணியம் அவரைச் சேரும். ஈரத் தாளை அச்செழுத்துகளின் மேல் வைத்து அழுத்தினால் எழுத்து தாளில் புடைத்து நிற்கும். அதைக் கையால் தடவிப் படிக்கலாம். இதுதான் அவர் கண்ட வழி. 1786-ம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வெர்சேல்ஸ் அரண்மனையில், மன்னர் பதினாறாம் லூயிக்கு முன்னால் அவருடைய மாணவர்கள் படித்துக் காட்டினார்கள். அரசவையே ஆச்சரியப்பட்டது.

பார்க்க வந்தவர்களுக்கு அது பிரமாதமாகத்தான் இருந்தது. படிக்க உட்கார்ந்தவர்களின் கஷ்டம் அவர்களுக்குத் தெரியவில்லை. எழுத்து விரலுக்குப் புரிய வேண்டுமானால் பெரியதாக இருக்க வேண்டும். எழுத்து பெரியதானால் புத்தகம் பாறாங்கல் போலக் கனக்கும். அச்சிடச் செலவோ அதிகம். ஆகவே பள்ளியின் புத்தகசாலையில் இருந்த நூல்கள் மிகச் சில. மாணவன் ஒவ்வோர் எழுத்தின் கோட்டையும் வளைவையும் தடவிக் கண்டுபிடித்து, அவற்றைக் கூட்டிச் சொல்லாக்கி, வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் ஆரம்பம் மறந்து போகும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த முறையில் மாணவன் எழுத முடியாது. அச்சுக்கூடத்தின் துணை இல்லாமல் ஒரு வரியைக்கூட அவன் தாளில் பதிக்க முடியாது. வீட்டுக்கு ஒரு கடிதம், வகுப்பில் ஒரு குறிப்பு, மனத்தில் தோன்றிய ஒரு கணக்கு எதற்கும் வழி இல்லை. படிப்பில் பாதி எழுதுவது. அந்தப் பாதி அவனுக்கு அடைபட்டே கிடந்தது.

குற்றம் ஹவுயியின் மனத்தில் இல்லை. அவருடைய கண்ணில் இருந்தது. கண்ணுள்ளவர்கள் கண்ணுக்காக ஏற்படுத்திய எழுத்தை அப்படியே எடுத்து விரலுக்குக் கொடுத்தார் அவர். கண் ஒரு கோட்டின் போக்கை ஒரே பார்வையில் பிடித்துவிடும். விரலுக்கு அது கைவராது. விரலுக்குச் சட்டென்று புலப்படுவது புள்ளி.

படைவீரரின் பன்னிரண்டு புள்ளிகள்

புள்ளியைக் கொண்டு வந்தவர் சார்ல் பார்பியே என்பவர். பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர். விதவிதமான எழுத்து முறைகளைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு தனி மோகம். தாளில் புள்ளி குத்தி எழுதும் தமது முறையை அவர் பாரிஸ் பள்ளிக்கு எடுத்து வந்தபோது லூயிக்கு வயது பன்னிரண்டு இருக்கும்.

பிரெஞ்சு மொழியின் 36 ஒலிகளை வரிசைக்கு ஆறாக ஆறு வரிசையில் அடுக்கியிருந்தார் பார்பியே. ஓர் ஒலியை எழுத வேண்டுமானால், அது எத்தனையாவது வரிசை என்பதை இடப்பக்கத்தில் அத்தனை புள்ளிகளாலும், அந்த வரிசையில் எத்தனையாவது இடம் என்பதை வலப்பக்கத்தில் அத்தனை புள்ளிகளாலும் குத்திக் காட்ட வேண்டும். ஆக ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வந்துவிடும். எழுதுவதற்கு வரிப்பள்ளம் உள்ள ஒரு பலகையும் ஒரு குத்தூசியும் போதும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முதல் முறையாகத் தங்கள் கையாலேயே எழுதி, தங்கள் விரலாலேயே திருப்பிப் படித்தார்கள். ஆனால் கொஞ்ச நாளில் குறைகள் தெரிந்தன. உயரம் ஆறு புள்ளி. விரல் நுனியில் அது அடங்காது. விரலை மேலும் கீழும் நகர்த்தி எண்ணினால்தான் எழுத்து புரியும். ஒலியை மட்டும் எழுதுவதால் சொல்லின் சரியான எழுத்துக்கூட்டு கிடையாது. நிறுத்தக் குறிகள், எண்கள், சங்கீதக் குறிகள் ஒன்றும் இல்லை. அவசரச் செய்தி அனுப்ப அது உதவும்; இலக்கணமும் கணக்கும் படிக்க உதவாது.

பையன் லூயி இந்தக் குறைகளை உணர்ந்தான். சரி, நாமே செய்து பார்ப்போம் என்று சிறுவன் உட்கார்ந்தான்.

பதினைந்து வயதில் முடிந்த வேலை

பகலெல்லாம் பாடம். ஆகவே இரவிலும், விடுமுறையில் ஊருக்குப் போனபோதும் லூயி தாளும் ஊசியுமாகவே இருந்தான். தகப்பனாரின் பட்டறையில் தன் கண்ணைப் பறித்தது எந்த இனத்துக் கருவியோ, அந்த இனத்துக் கருவியே இப்போது அவனுக்கு எழுத்தாணி ஆயிற்று. 1824-ல், பதினைந்தாவது வயதில், அவனுடைய முறை பெரும்பாலும் உருவாகிவிட்டது.

அதன் சூட்சுமம் மிக எளிது. கோலத்துக்கு வைப்பதுபோலப் பக்கத்துக்கு மூன்றாக இரண்டு வரிசை. மொத்தம் ஆறு புள்ளி. அவ்வளவும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கும். ஒரு முறை தொட்டாலே எழுத்து தெரிந்துவிடும். எந்தப் புள்ளி இருக்கிறது, எந்தப் புள்ளி இல்லை என்று மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். எழுத்துக்கும் குறிகளுக்கும் எண்ணுக்கும் இவை தாராளமாகப் போதும். சங்கீதத்துக்கும் இதே 63 வடிவங்கள்தான்.

இதில் ஓர் ஆசிரியனின் மூளையும் வேலை செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். முதல் பத்து எழுத்துகள் மேலே உள்ள நான்கு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு இடப்பக்கம் கீழ்ப் புள்ளி ஒன்றைச் சேர்த்தால் போதும். அதற்கடுத்தவற்றுக்குக் கீழ்ப் புள்ளிகள் இரண்டும் சேரும். முதல் பத்து எழுத்துகளுக்கு முன்னால் ஓர் அடையாளம் வைத்தால் அவையே எண்களாகிவிடும். பத்து வடிவத்தைப் பழகியவனுக்கு மற்றவை தாமே வந்து சேரும்.

பார்பியேயின் பலகையையும் ஊசியையும் அவர் மறக்காமல் வைத்துக்கொண்டார். தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து நிற்கும். இடமிருந்து வலமாகப் படிக்கலாம். 1829-ல் தமது முறையை விளக்கி அவர் ஒரு நூல் வெளியிட்டார். பார்பியேக்குத் தாம் பட்ட கடனை அதில் மனமார ஒப்புக்கொண்டார். புள்ளி எழுத்தை உலகுக்கு அறிவித்த அந்த நூலே ஹவுயியின் பழைய புடைப்பு எழுத்தில்தான் அச்சாயிற்று என்பது வேடிக்கை!

படித்த பள்ளியிலேயே 1828-ல் துணை ஆசிரியராகவும், 1833-ல் முழு ஆசிரியராகவும் ஆனார் பிரெயில். இலக்கணம், பூகோளம், கணக்கு, சங்கீதம் எல்லாம் கற்பித்தார். மாதாகோயில்களில் ஆர்கன் வாசிப்பதில் நல்ல பெயர் எடுத்தார். பள்ளியின் தலைவர் பீன்யே அவரை ஆதரித்தார். 1837-ல் பிரான்ஸ் தேசச் சரித்திரம் ஒன்று மூன்று பாகங்களாகப் புள்ளி எழுத்தில் வெளிவந்தது.

தடை வந்தது

1840-ல் பீன்யே பதவி இழந்தார். அவருக்குப் பதில் தலைவரான துபோவுக்குப் புள்ளி எழுத்து பிடிக்கவில்லை. பள்ளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தார். பழைய புத்தகங்களைக் கொளுத்திவிட்டார் என்றும் வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

அவர் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லோரும் படிக்கும் எழுத்து ஒன்று, பார்வையற்றவர் படிக்கும் எழுத்து வேறொன்று என்றால், அவர்கள் உலகத்திலிருந்து ஒதுங்கிப் போக மாட்டார்களா? கண்ணுள்ள ஆசிரியருக்குப் புரியாத எழுத்தில் மாணவன் எழுதினால் திருத்துவது எப்படி? இதுதான் எதிர்ப்பாளர்களின் வாதம்.

பிரெயில் இந்த வாதத்தை அலட்சியம் செய்யவில்லை. கண்ணுள்ளவர்களும் படிக்கக்கூடிய சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் குத்தி எழுத, 1839-ல் இன்னொரு முறையை வகுத்தார். அந்தப் பள்ளியில் படித்த பூக்கோ என்ற பார்வையற்ற நண்பர், 1840-களின் தொடக்கத்தில், அவ்விதம் எழுதுவதற்கு ஒரு யந்திரமே செய்து கொடுத்தார். பார்வையற்ற பிள்ளைகள் அதைக்கொண்டு வீட்டாருக்குத் தாங்களே கடிதம் எழுதலாம்.

ஆனால் விவாதத்தைத் தீர்த்து வைத்தவர்கள் மாணவர்கள். தடை போட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. பின்னல் ஊசி, ஆணி, முள்கரண்டி என்று கிடைத்ததைக் கொண்டு ஒளிந்து ஒளிந்து குத்தி எழுதினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு இரகசியமாகக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் தண்டனைக்கு அஞ்சாமல் தாங்களாகவே ஒரு கருவியைக் கையில் எடுக்கிறார்கள் என்றால், அந்தக் கருவியின் தகுதிக்கு வேறு சான்று எதற்கு?

துணைத் தலைவர் குவாதே இதையெல்லாம் கவனித்து வந்தார். துபோவின் மனத்தை மெல்ல மெல்ல மாற்றினார். 1844-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா. சபையோர் முன்னிலையில் ஒரு மாணவனை வெளியே அனுப்பிவிட்டு, இன்னொரு மாணவனுக்குச் சில வரிகளைச் சொல்லிப் புள்ளி எழுத்தில் எழுதச் செய்தார்கள். பிறகு வெளியே இருந்தவனை அழைத்துத் தாளைக் கொடுத்தார்கள். அவன் விரலை ஓட்டித் தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்தான். சபையோரின் சந்தேகம் தீர்ந்தது. தடையும் நீங்கியது.

பெட்டிக்குள் இருந்த சீட்டுகள்

அந்த வெற்றியை அனுபவிக்கப் பிரெயிலுக்கு உடல் இடம் கொடுக்கவில்லை. ஈரம் கசியும் பழைய பள்ளிக் கட்டடத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். இருபத்தாறு வயதிலேயே க்ஷயரோகம் பற்றிக்கொண்டது. இருமிக்கொண்டே பாடம் நடத்தினார். முடியாதபோது ஊருக்குப் போய்ப் படுத்திருந்தார். கொஞ்சம் தேறியதும் திரும்பி வந்தார். 1852-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, நாற்பத்து மூன்றாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் கழித்து, காலமானார்.

அவர் ஒரு சிறு பெட்டியை விட்டுச் சென்றார். திறக்காமல் எரித்துவிட வேண்டும் என்பது அவர் ஆணை. நண்பர்கள் மனம் கேளாமல் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தவை கடன் சீட்டுகள். தமது சொற்பச் சம்பளத்திலிருந்து மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அவர் கொடுத்திருந்த பணத்துக்கான சீட்டுகள் அவை. ஒருவரும் திருப்பித் தர வேண்டாம் என்பதற்காகவே எரிக்கச் சொல்லியிருந்தார். அவர் விருப்பப்படியே நெருப்பில் இட்டார்கள்.

அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1854-ல், புள்ளி எழுத்து பிரான்ஸில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. 1878-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மகாநாடு அதையே சிறந்த முறை என்று முடிவு செய்தது. 1952-ல், அவர் மறைந்து நூறாண்டு ஆனபோது, அவருடைய உடல் எச்சங்களைப் பாரிஸில் தேசத்தின் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். ஆனால் எழுத்தைக் கண்ட அந்தக் கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் விட்டுக் கொடுக்கவில்லை. அவை சொந்த ஊரிலேயே இருக்கின்றன.

தமிழுக்கு வந்த புள்ளி

தமிழகத்தில் பார்வையற்றோர் கல்விக்கு வித்திட்டவர் ஆஸ்க்வித் அம்மையார். பாளையங்கோட்டையில் 1890-ல் அவர் பள்ளி தொடங்கினார். இந்திய மொழிகளுக்குப் புள்ளி எழுத்து வந்தபோது ஆளுக்கொரு முறையாக ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பின், 1951-ல், எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் என்ற முறை ஏற்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளி. தமிழில் அகரத்துக்கு ஒற்றைப் புள்ளி. ஆங்கிலத்தின் முதல் எழுத்துக்கும் அதுவே. அச்சுத் தமிழில் கெ என்ற எழுத்துக்குக் கொம்பு முன்னால் நிற்கிறது. புள்ளித் தமிழில் ககரம் முன்னும் எகரம் பின்னுமாக, ஒலிக்கும் வரிசையிலேயே விரலுக்குக் கிடைக்கிறது.

இப்போது இன்னொரு விவாதம் நடக்கிறது. கம்ப்யூட்டரும் கைப்பேசியும் எழுத்தைத் தாமே வாய்விட்டுப் படித்துக் காட்டுகின்றன. அன்றைய பத்திரிகையை அன்றே கேட்டுவிடலாம். பார்வையற்றவர்களுக்கு இதைவிட வரப்பிரசாதம் இல்லை. ஆகவே இனிப் புள்ளி எழுத்து எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி ஞானம் பெரிது. ஆனால் காதால் மட்டும் தமிழ் கற்ற பிள்ளைக்கு மனத்துக்கும் மணத்துக்கும் உள்ள எழுத்து வேற்றுமை எப்படித் தெரியும்? எங்கே ரகரம், எங்கே றகரம் என்று யார் சொல்வது? யந்திரத்தின் குரல் ஓடிவிடும். எழுத்து விரலடியில் நிற்கும். பார்பியேயின் முறையில் எழுத்துக்கூட்டு இல்லை என்று சிறுவன் லூயி கண்ட குறை, இன்றைய பேசும் யந்திரத்திலும் இருக்கிறது. இதை உணர்ந்தவர்கள் இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் உள்ளதைச் சிறு ஊசிகள் மேலெழுந்து புள்ளியாகவே விரலுக்குக் காட்டும் கருவிகள் வந்திருக்கின்றன. ஆனால் விலைதான் அதிகம். ஏழைப் பிள்ளைக்கு எட்டவில்லை.

ஆகவே, கருவியால் கல்வி வளருமா என்றால், வளரும். எல்லாக் கருவியாலும் அல்ல. ஹவுயியின் புத்தகம் பார்ப்பவரை வியக்க வைத்தது. பிரெயிலின் புள்ளி படிப்பவனை எழுத வைத்தது. பள்ளிக்கு ஒரு புதுப் பொருளை வாங்குமுன் நிர்வாகிகள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதைக் கொண்டு பிள்ளை தானாக என்ன செய்வான்? அதற்கு விடை சொல்லக்கூடியவனும் அந்தப் பிள்ளைதான். அவனைக் கேட்காமல் வாங்கிய பொருள் அலமாரியில் அழகாக இருக்கும்.

அடுத்த முறை லிப்டில் ஏறும்போது, பொத்தானின் பக்கத்தில் மேடிட்டிருக்கும் புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் தொட்டுப் பாருங்கள். முதலில் ஒன்றும் புரியாது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருட்டில் உட்கார்ந்து அதைப் புரிய வைத்தான் என்பதை நினைத்துக்கொண்டு, மறுபடியும் தொட்டுப் பாருங்கள்.